தாகேதா: மறையவில்லை

டாலா
12 அக்டோபர் 2025

ஹன்னா,

மழை விட்டது. நேற்று மாலை மேற்கு முழுவதும் திறந்து கிடந்தது. சபாபதி மாமாவின் வாத்துகள்கூட அண்ணாந்து பார்த்தன என்று எழுத ஆசை. பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுவது நம் வழக்கம்.

பேட்டரிகள் வந்து சேர்ந்தன. நன்றி. நீ அச்செடுத்து அனுப்பிய படமும் வந்தது. லூசி விண்கலம் ஏப்ரலில் கடந்து போன அந்தச் சிறுகோள். நிலக்கடலை மாதிரி, இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு. வாத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மாமா தினமும் ஒரு முறை அதைப் பார்த்து, "இதுக்காடா ராக்கெட் விட்டானுங்க?" என்கிறார்.

அக்கரையில் கீரை விற்றுத் திரும்பிய காளியம்மா அக்கா காலிக் கூடையின் அடியிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏம்பா, ரெண்டு பேரும் மாசக்கணக்கா என்னத்தத்தான் எழுதிக்கிறீங்க? தேதி குறிக்கிறீங்களா?"

"நட்சத்திரம் போச்சா இல்லையான்னு எழுதிக்கிறோம் அக்கா."

"போனா போவட்டுமே. வேற இல்லாமயா கெடக்கு?"

உட்கார வைத்துச் சொன்னேன். ஒரு கல் வானத்தில் போகிறது. ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வருகிறது. அந்தக் கல்லின் நிழல் பூமியில் ஒரு பட்டையாக ஓடும். பட்டைக்குள் நிற்பவனுக்கு நட்சத்திரம் ஒரு கணம் அணையும். எவ்வளவு நேரம் அணைந்தது என்று டாலாவில் நான் அளக்கிறேன், தாகேதாவில் ஹன்னா, அதற்கும் கிழக்கே தன்லியினில் ஷாநவாஸ் அண்ணன். மூன்றையும் சேர்த்தால் யாரும் போகாத கல்லின் உருவம் தெரியும்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"அப்போ தப்பில்ல," என்று கூடையை எடுத்துக்கொண்டார்.

நகரத்திலிருந்து தப்பி இங்கே வந்து பத்தொன்பது மாதம். ராணுவத்துக்கு ஆள் பிடிக்கும் பட்டியலில் என் பெயர் இருக்கும்வரை படகுத்துறையில் அடையாள அட்டை காட்ட முடியாது, கைபேசியில் சிம் போட முடியாது. ஆற்றின் அகலம் பத்து நிமிடம். சில நாள் மாலையில் கரையில் நின்று எதிர்ப்பக்கம் விளக்குகள் வருவதைப் பார்க்கிறேன். மின்வெட்டு நாட்களில் அதுவும் இல்லை. அந்த நாட்களில் எனக்கு நல்ல வானம். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாத நன்றி.

ஜனவரி 22, மாலை 7.42. ஒன்றரை நொடி. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். இந்தப் பத்தொன்பது மாதத்தில் நான் எங்கேயோ இருந்தேன் என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே சான்று அதுதான். தூங்கப் போகும்போது நினைத்துக்கொள்கிறேன்.

லெமன் வால்மீன் இருபதாம் தேதி வாக்கில் மாலை வானத்தில் தெரியும் என்று எழுதியிருந்தாய். வழக்கம்போல: நீ பார்த்ததை எழுதி உறையில் போட்டு ஒட்டு, நான் பார்த்ததை எழுதி ஒட்டுகிறேன். தன்னுடையதை ஒட்டும்வரை அடுத்தவர் கடிதத்தைத் திறப்பதில்லை.

மணி


தாகேதா
17 அக்டோபர் 2025

கோ மணி,

உங்கள் கடிதம் புளிச்சக்கீரை வாசத்தோடு வந்தது. கீரையை அம்மா சமைத்தார்.

தமிழில் எழுதுவது மெதுவாக இருக்கிறது. மரியாதைக்குக்கூடப் பர்மிய 'கோ'தான் கைக்கு வருகிறது. எனக்கு ஞாயிறு வேதப்பள்ளித் தமிழ். உங்களுக்குக் கோவில் வகுப்புத் தமிழ். பர்மிய மொழியில் எழுதினால் பாதி நேரம் போதும். ஆனால் துறையில் கூடையைக் கிளறுபவர்களுக்கு இது படிக்க வராது. ஒரு மொழி இப்படியும் உதவும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

செய்தி. ஜூலையில் கண்டுபிடித்த அந்த வால்மீன், வேறொரு சூரியனிடமிருந்து வந்தது, நமக்குத் தெரிந்து மூன்றாவது, இந்த மாதம் செவ்வாய்க்குப் பக்கத்தில் போனது. செவ்வாயைச் சுற்றும் கலம் ஒன்று திரும்பி அதைப் படம் எடுத்திருக்கிறது. மங்கலான வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான். அவ்வளவுக்காக நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி வராது.

இன்னொன்று. பெங்களூரிலிருந்து நம் அளவுகளைத் தொகுக்கும் சிவராஜ் சார் எழுதியிருக்கிறார். நம்முடைய அதே சிறுகோள் செப்டம்பரில் வேறொரு நட்சத்திரத்தை மறைத்ததாம். ஆஸ்திரேலியாவில் சிலர் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நட்சத்திரம் இரண்டு முறை அணைந்தது. அதனால் ஜனவரிப் பதிவுகளை மறுபடி பார்க்கிறார்கள். என் ஒலிப்பதிவைக் கேட்கிறார்.

தேடிப் பார்க்கிறேன் என்று பதில் போட்டேன்.

வேறு ஒன்று எழுத இருந்தது. இன்று வேண்டாம்.

ஹன்னா


டாலா
24 அக்டோபர் 2025

ஹன்னா,

வால்மீன் தனித்தாளில், ஒட்டி, உள்ளே இருக்கிறது. உன்னுடையதை ஒட்டிவிட்டுத் திற. இது வேறு.

தேடிப் பார்க்கிறாயா? நீயா? பல்கலைக்கழகப் பேருந்துச் சீட்டைக்கூடத் தேதி போட்டு வைத்திருப்பவள். பதிவை அனுப்பிவிடு. நம் மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று இசைகின்றன என்று அன்று சிவராஜ் சார்தானே எழுதினார்? உருண்டையான, ஒழுங்கான கல் என்று. ஆஸ்திரேலியாக்காரர் கொசு அடித்திருப்பார்.

எனக்கும் அந்தப் பதிவைக் கேட்க ஆசை. நட்சத்திரம் தெரியும்வரை "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பது, அணைந்தால் "போச்சு" என்பது. மொட்டைமாடியில் நாம் சேர்ந்து பயிற்சி எடுத்தபோது நீ "போச்சு" சொல்லும்போதெல்லாம் கீழ்வீட்டுக்காரர் எதையோ உடைத்துவிட்டோம் என்று ஓடி வருவார். என் பதிவை ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது. உன் "போச்சு" எனக்கு வேண்டும்.

மாமாவுக்கு முதுகுவலி. வாத்துகள் இப்போது என் பொறுப்பு. அவற்றுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். தவிடு வைப்பவனை எல்லோருக்கும் பிடிக்கும்.

மணி


தாகேதா
28 அக்டோபர் 2025

கோ மணி,

அந்தப் பதிவில் "போச்சு" இல்லை.

நட்சத்திரம் எனக்கு மறையவில்லை. 7.40 முதல் 7.43 வரை கண்ணை எடுக்கவில்லை. அது இருந்தது. முழு நேரமும் இருந்தது.

அன்று இரவே எழுதினேன். "தாகேதா: மறையவில்லை." ஒட்டவில்லை. வீட்டில் பசை இல்லை. காலையில் கடையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று வைத்தேன்.

மறுநாள் கடையைத் திறந்தபோது காளியம்மா அக்கா வாசலில் நின்றார். முதல் படகிலேயே வந்துவிட்டாராம். "இந்தா, புடி. அந்தப் புள்ள ராத்திரி முழுக்கத் தூங்கல. வரப்புல கெடந்து ஆடுறான். சீக்கிரம் படிம்மா," என்றார். என் தாள் கைப்பையில். உங்கள் உறை கையில். அக்கா முகத்தைப் பார்த்தேன். திறந்தேன்.

தாளில் ஒரே வரி. "போச்சு ஹன்னா!!! ஒன்றரை நொடி!!!" அதற்கு முந்தைய பத்து மாதத்தில் நீங்கள் எழுதிய கடிதங்களில் ஒரு ஆச்சரியக்குறி கிடையாது. நான் எண்ணியிருக்கிறேன். சில கடிதங்களில் முற்றுப்புள்ளிகூட இல்லை. வாக்கியம் பாதியில் நின்றிருக்கும்.

என் தாளைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். "தாகேதா: மறைந்தது. 1.2 நொடி."

கண் சிமிட்டியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். ஜெனரேட்டர் புகை என்று சொல்லிக்கொண்டேன். ஒன்றரை நொடி யாரும் சிமிட்டுவதில்லை.

அப்துல் அஜீஸ் பாயின் கண்ணாடிக் கடையில் என் வேலை உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பலகை முன்னால் ஆட்களை உட்கார வைப்பேன். கடைசி வரி தெரியாவிட்டாலும் எல்லோரும் எதையாவது ஊகித்துச் சொல்வார்கள். என்னைச் சந்தோஷப்படுத்த. நான் தினமும் இருபது பேரிடம் சொல்வது ஒன்றுதான். தெரியவில்லை என்றால் "மமியின்பூ" என்று சொல்லுங்கள், அதை வைத்துத்தான் கண்ணாடி போட முடியும். பர்மிய மொழியில் அந்த ஒரு சொல்லை நான் சொன்ன அளவு வேறெதையும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லவில்லை.

சிவராஜ் சாருக்கு இன்னும் எழுதவில்லை. உங்களுக்கு முதலில். என் அளவைத் திரும்பப் பெற்றால் உங்களுடையதையும் சந்தேகிப்பார்கள். ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்றவள் இல்லை என்கிறாள், இவன் மட்டும் எப்படி என்று. உங்களுடையது உண்மை. என் பொய் அதைத் தொடப் போகிறது. அதுதான் பயம்.

பதிவு இந்தச் சின்ன மெமரி அட்டையில் இருக்கிறது. உங்கள் ரேடியோவில் போட்டால் பாடும். நகல் என்னிடம் உண்டு.

வால்மீன் தாள் தனியாக இருக்கிறது. உங்களுடையதைத் திறக்கும் முன்பே ஒட்டியது. இனி அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை.

ஹன்னா


தாகேதா
16 நவம்பர் 2025

கோ மணி,

மூன்று வாரம். காளியம்மா அக்கா கீரை மட்டும் கொண்டுவருகிறார். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "குடுக்கலம்மா. நல்லாத்தான் இருக்கான். திங்குறான்," என்கிறார். கேட்காமலே சொல்லும் நல்ல மனசு.

சிவராஜ் சாருக்கு எழுதிவிட்டேன். நடந்ததை அப்படியே. பதிவையும் அனுப்பினேன். உங்கள் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. மாமாவின் முதுகுக்குத் தைலம் கூடையில் வைத்திருக்கிறேன். அது மாமாவுக்கு.

ஹன்னா


டாலா
20 நவம்பர் 2025

ஹன்னா,

பொய் எழுதியதற்காகக் கோபம் இல்லை. அளவில் தவறு எல்லோருக்கும் வரும்.

நீ என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாய். அதுதான். வாத்துக்குத் தவிடு வைப்பதுபோல எனக்கு ஒரு "மறைந்தது" வைத்தாய். நான் தின்றேன். ஒன்பது மாதம். ஒவ்வொரு இரவும்.

அன்று நீ "மறையவில்லை" என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நாள் சண்டை போட்டிருப்பேன். நீ வேறு நட்சத்திரத்தைப் பார்த்தாய் என்று சொல்லியிருப்பேன். நீ என்னைத் திட்டியிருப்பாய். நாம் இரண்டு பேராக இருந்திருப்போம். நீ என்னைத் தனியாக விட்டுவிட்டு என் பக்கத்தில் நிற்பதுபோல நின்றாய்.

இன்னொன்று யோசித்தாயா? எனக்கு இணையம் இல்லை. செய்தித்தாள் இல்லை. இந்த உலகத்தில் என்ன நடக்கிறது என்பது எனக்கு நீ எழுதுவதுதான். வேறொரு சூரியனிலிருந்து வால்மீன் வந்தது என்று எழுதினாய். வந்ததா? கொட்டகைச் சுவரில் இருக்கும் கடலைக் கல், அது இருக்கிறதா? நான் சிரித்துக்கொண்டே தூங்கட்டும் என்று எழுதினாயா? எதை எப்படிச் சரிபார்ப்பேன்?

அட்டை இங்கே இருக்கிறது. கேட்கவில்லை.

தைலத்துக்கு மாமா நன்றி சொல்லச் சொன்னார்.

மணி


தாகேதா
2 டிசம்பர் 2025

கோ மணி,

நீங்கள் எழுதியது சரி. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றும் என்னைப் பற்றியே இருந்தன. கிழித்தேன்.

என்னை நம்ப வேண்டாம். சரிபார்க்க முடிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஏழாம் தேதி இரவு நிலா எழும்போது அதன் பக்கத்தில் ஒரு பிரகாசமான புள்ளி. வியாழன். இல்லையென்றால் எழுதுங்கள்.

பதினான்காம் தேதி ஜெமினி விண்மீன் கூட்டத்திலிருந்து எரிகற்கள். ஒரு மணி நேரம் எண்ணுங்கள். எத்தனை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

இனி சிவராஜ் சார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கடிதத்தை மொழிபெயர்த்துக் கீழே தருகிறேன். மூலத்தின் அச்சுப்பிரதியையும் வைத்திருக்கிறேன். நான் எதையும் இனிப்பாக்கவில்லை என்று நீங்களே பார்க்கலாம்.

"உங்கள் பதிவை நான்கு முறை கேட்டேன். தாகேதாவில் மறையவில்லை என்பதில் சந்தேகம் இல்லை. இதை அன்றே எழுதியிருந்தால் செப்டம்பருக்கு எட்டு மாதம் முன்பே நமக்குத் தெரிந்திருக்கும். டாலாவில் மறைந்தது. தன்லியினில் மறைந்தது. இரண்டுக்கும் நடுவில் மறையவில்லை. ஆகவே அது ஒரு கல் அல்ல. இரண்டு. ஆஸ்திரேலிய அளவும் இதையே சொல்கிறது. டாலா, தன்லியின் அளவுகள் அப்படியே நிற்கின்றன. உங்கள் முதல் அறிக்கை நீக்கப்படும், காரணத்தோடு."

காரணத்தோடு. அது என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். இருக்கட்டும்.

உங்கள் அளவு நிற்கிறது, கோ மணி. அது என் துணை இல்லாமலே நின்றிருக்கும்.

இரண்டு கற்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகின்றன. நடுவில் வெற்றிடம். அந்த இடைவெளி வழியாக ஒரு நட்சத்திரத்தின் ஒளி என் மொட்டைமாடிக்கு வந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

அளவு தந்தவர்களின் பெயர்களை வெளியிடுவார்கள். உங்கள் பெயரை என்ன செய்வது என்று கேட்கிறார். அதற்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

ஹன்னா


டாலா
26 டிசம்பர் 2025

ஹன்னா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ரோஸ் அம்மாவுக்கும் சொல்.

வியாழன் இருந்தது. நீ சொன்ன இடத்தில்.

எரிகற்கள் ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொன்று. அதில் இரண்டு சந்தேகம். மாமா இருபதோடு எழுந்து போனார். "மிச்சத்த நீ பாத்துச் சொல்லு," என்றார். வாழ்க்கையில் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்திருக்கிறார்.

அதன் பிறகு அட்டையைக் கேட்டேன்.

கொட்டகைக்குள் ரேடியோவை வைத்து, வாத்துகள் அடங்கிய பிறகு. மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி. முதலில் ஜெனரேட்டர். பிறகு நீ தேதி சொல்கிறாய், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல. பிறகு "இருக்கு." "இருக்கு." நடுவில் ரோஸ் அம்மா கீழேயிருந்து, "ஹன்னா, சோறு ஆறுதுடி! வானம் எங்கயும் ஓடிப் போவாது!" நீ அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. "இருக்கு" என்றாய். ஒரு நாய் குரைக்கிறது. "இருக்கு." கொசு கடித்திருக்க வேண்டும், குரல் ஒரு இடத்தில் நடுங்குகிறது. "இருக்கு."

என் பதிவையும் உன் பதிவையும் ஒரே நேரத்தில் ஓட விட்டேன். என்னுடையது சிம் இல்லாத கைபேசியில், உன்னுடையது ரேடியோவில். நேரத்தைச் சரியாகப் பொருத்த இருபது தடவை ஆயிற்று. 7.42. நான் "போச்சு" என்று கத்துகிறேன். வாத்துகள் எல்லாம் அலறுகின்றன, அன்றைய வாத்துகள். நீ அதே நொடியில் அமைதியாக "இருக்கு" என்கிறாய்.

அதைக் கேட்டபோதுதான் புரிந்தது. நான் சண்டை போட்டிருக்க வேண்டிய குரல் இது. என் முகத்துக்கு நேராக "இல்லை" என்று மறுக்கும் குரல். அன்றே எனக்கு வந்திருக்க வேண்டும். தாமதமாக வந்தது. வந்தது.

நன்றி, ஹன்னா. பதிவை அழிக்காததற்கு. அழித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கிழித்த தாளைக் குப்பையில் போட்டவள் இதை ஏன் வைத்திருந்தாய் என்று யோசித்தேன். நீயே யோசித்திருக்க மாட்டாய்.

மன்னித்தேன் என்று எழுதினால் பெரிய மனிதன் மாதிரி இருக்கிறது. எழுதவில்லை. ஆனால் இன்னொரு முறை எனக்குத் தவிடு வைத்தால் ஆற்றை நீந்தி வந்து சண்டை போடுவேன்.

காளியம்மா அக்காவும் கேட்டார், கீரைக் கட்டு கட்டிக்கொண்டே. "என்னப்பா இது, அந்தப் பொண்ணு ஒரே சொல்லையே சொல்லிட்டுக் கெடக்கு? ஜெபமா?"

"வேலை அக்கா."

"நல்ல வேல. எங்க வீட்டுக்காரு குடிச்சா இப்படித்தான் சொன்னதையே சொல்லுவாரு. ஆனா இந்தப் பொண்ணுக்கு நிதானம் இருக்கு."

பெயர் வேண்டாம். "டாலா" என்று மட்டும் போடச் சொல். அது போதும். வந்தேன், பார்த்தேன் என்று எழுத அந்த ஒரு சொல் போதும்.

வால்மீன் தாளையும் இப்போதுதான் திறந்தேன். "வால் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வால் இருந்தது, இரண்டு விரல் நீளம். உன் வானத்தில் புகை. நம்புகிறேன்.

மணி


தாகேதா
19 பிப்ரவரி 2026

கோ மணி,

அறிக்கை வந்துவிட்டது. நான்கு பக்கம். நமக்குரியது மூன்று வரி. அச்செடுத்து வைத்திருக்கிறேன், கொட்டகைச் சுவருக்கு. கடலைக் கல்லுக்குக் கீழே.

டாலா: மறைந்தது, 1.5 நொடி.
தாகேதா: மறையவில்லை. (முதல் அறிக்கை பார்வையாளரால் திருத்தப்பட்டது.)
தன்லியின்: மறைந்தது, 1.1 நொடி.

அஜீஸ் பாய் தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "மூணு ஊர்ல உன் ஊருக்கு மட்டும் ஒண்ணும் நடக்கலியே ஹன்னா. பாவம்." ஷாநவாஸ் அண்ணனுக்கு இனிப்பு அனுப்பச் சொன்னார். எனக்கு ஆறுதல் சொன்னார். நான் சிரித்ததில் எழுத்துப் பலகை முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த வாக்கியத்தைத் தினமும் ஒரு முறை படிக்கிறேன். முதலில் கூசியது. இப்போது அது என்னைப் பற்றி எழுதப்பட்டவற்றிலேயே உண்மையானது என்று தோன்றுகிறது.

டிசம்பர் கடிதத்துக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. நன்றி.

மார்ச் 3 சந்திர கிரகணம். நமக்கு நிலா எழும்போதே முழுவதும் நிழலுக்குள் இருக்கும். எழ வேண்டிய நேரம் 6.07. அந்தி வெளிச்சத்தில், கிழக்குப் புகையில், கறுத்த நிலா. தெரியுமா தெரியாதா என்று யாருக்கும் தெரியாது. நல்ல சோதனை. பழைய வழக்கப்படி செய்வோமா? எழுதி, ஒட்டி, பிறகு திறப்பது.

இந்த முறை வீட்டிலும் பசை வாங்கி வைத்துவிடுகிறேன்.

ஹன்னா


டாலா
3 மார்ச் 2026, மாலை 7.30

ஹன்னா,

ஆற்றங்கரை. கிழக்கே தடை இல்லை. பைனாகுலர், மூங்கில் முக்காலி.

6.07 இல்லை.
6.15 இல்லை.
6.20 இல்லை. மாமா வந்தார். "எங்கடா?" "அங்கதான் மாமா, எழுந்துருச்சு." "எனக்குத் தெரியலையே." "எனக்கும்தான்." போய்விட்டார்.
6.27 மங்கிய செம்புக் கறை. கண்ணை எடுத்து மறுபடி வைத்தேன். கறை அங்கேயே. தெரிந்தது என்று எழுதுகிறேன், சந்தேகத்தோடு.
6.34 கீழ் விளிம்பில் வெளிச்சம். நிச்சயம்.

அவ்வளவுதான் அளவு. மிச்சம் உனக்கு.

வெளிச்சம் கூடக்கூட மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக நின்றது. உன் பக்கத்தில் மின்வெட்டு போலிருக்கிறது, கரை முழுக்க இருட்டு. அந்த இருட்டில் ஏதோ ஒரு மொட்டைமாடியில் நீ கடிகாரத்தோடு நிற்கிறாய் என்று தெரியும். யாரும் சொல்லாமல் தெரியும்.

நீ இதைப் படிக்கும்போது உன்னுடையது ஒட்டப்பட்டிருக்கும். அதனால் கூச்சமில்லாமல் எழுதுகிறேன். நீ என்ன எழுதியிருந்தாலும் எனக்கு அது வேண்டும். என்னுடையதோடு பொருந்தாவிட்டால் இன்னும் வேண்டும்.

மணி


பான்சோடன் தெரு, கடை
4 மார்ச் 2026, காலை

கோ மணி,

நேற்று எழுதியதைக் கீழே சுத்தமாகப் பெயர்த்திருக்கிறேன். இரவு மின்சாரம் இல்லை. குறிப்பேட்டில் பாதி எழுத்து பாதி எழுத்தின் மேல் ஏறிக்கிடந்தது.

பெயர்த்துக்கொண்டிருக்கும்போதே காளியம்மா அக்கா வந்துவிட்டார். இன்றும் முதல் படகு. உங்கள் கடிதம் இப்போது என் முன்னால், மேசைமேல் இருக்கிறது. ஒரு மூலையில் கீரையின் ஈரம். உறை மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரிரு சொல் தெரியும். பிடிக்கவில்லை.

மொட்டைமாடி. தொலைநோக்கி. கிழக்கில் புகை.

6.07 தெரியவில்லை.
6.15 தெரியவில்லை.
6.20 தெரியவில்லை.
6.27 தெரியவில்லை. நிலா இருக்க வேண்டிய இடம் சரிதானா என்று இரண்டு முறை பார்த்தேன். சரிதான். தெரியவில்லை.
6.33 தெரியவில்லை.
6.36 கீழ் விளிம்பில் ஒரு கீற்று.

சிவந்த நிலாவை நான் முழுதாகப் பார்க்கவேயில்லை. அம்மா மேலே வந்து, "இதுக்காடி அரை மணி நேரம்?" என்றார். இதற்குத்தான்.

அக்கா கூடையை இறக்காமல் நிற்கிறார்.

"என்னம்மா, பிரிக்கலையா? பையன் நல்ல சந்தோஷமாத்தான் குடுத்தான்."

"ஒட்டிட்டுப் பிரிக்கிறேன் அக்கா."

"அப்போ ஒட்டு. படகு எனக்காக நிக்குமா?"

உங்களுக்கு அந்தச் சிவந்த நிலா தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

பசையை எடுக்கிறேன்.

ஹன்னா